ஒட்டாத கிளிசரின்

இன்று காலை அலமாரியைத் துடைக்கும்போது அந்தக் கிளிசரின் சீசா கையில் அகப்பட்டதடி. காய்ந்துபோன உன் உதட்டில் தடவ மருந்துக் கடையில் வாங்கியது, பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. ஒரு சொட்டை விரலில் தொட்டேன். அந்தப் பிசுபிசுப்பில் முதலில் வந்தது ஆஸ்பத்திரி இல்லை, நம் கல்லூரி ஆய்வுக்கூடம்தான்.

முளைகட்டிய நெல்லிலிருந்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியை எடுத்திருந்தோம். வெந்நீரில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் செயலற்றுப் போகும். எதைக் கலந்தால் சூடு தாங்கும் என்பதுதான் நம் ப்ராஜெக்ட். சர்க்கரை கலந்தால் தாங்கும் என்று படித்துவிட்டு நீ காரைக்கால் கடைத்தெருவுக்கு ஓடினாய். "வெள்ளைச் சீனியில கெமிக்கல் இருக்கும்டி, நாட்டுச் சர்க்கரைதான் சுத்தம்" என்று அதை வாங்கிவந்தாய். வேதியியல் படித்தவள் பேசுகிற பேச்சா அது! அதைக் கலந்து வெந்நீரில் வைத்த நொதியை மாவுச்சத்தோடு சேர்த்து, சர்க்கரை உண்டாகிறதா என்று சோதித்தோம். சோதனைக் குழாய் செக்கச்செவேலென்று சிவந்தது. நொதி பிழைத்துவிட்டது என்று கட்டிப்பிடித்துக் குதித்தோம். மிச்சமிருந்த நாட்டுச் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்ட நீ சட்டென்று நின்றாய்.

"சர்க்கரை இருந்தா சிவக்குற டெஸ்டுடி இது. நாமளே ஊத்திட்டு, வந்துருச்சுன்னு ஆடுறோம்!"

நொதியே இல்லாத குழாயில் அந்தச் சர்க்கரையைக் கரைத்து ஊற்றிப் பார்த்தோம். அதுவும் சிவந்தது. உன் ஊருக்குப் போகும் கோட்டுச்சேரி பஸ் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தோம்.

பிறகுதான் கிளிசரின். அதைக் கலந்த குழாயில் நொதி நிஜமாகவே கூடுதல் நேரம் தாங்கியது. கிளிசரின் நொதியோடு ஒட்டிக்கொண்டு காக்கிறது என்று நான் எழுதினேன். அந்த வரியை நீ கோடு போட்டு அடித்துவிட்டாய். "ஒட்டாதுடி. அது தள்ளித்தான் நிக்கும். தண்ணி நொதியச் சுத்தி நெருங்கி நிக்கும். அதான் நொதியோட மடிப்பு சூட்டுல பிரியாம இருக்கு." தள்ளி நிற்பது எப்படிக் காப்பாற்றும் என்று உன்னோடு மல்லுக்கு நின்றேன். படித்துப் பார்த்தால் நீ சொன்னதே சரி. எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

உனக்கு நோய் முற்றியபோது நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு உன் கட்டிலோடு கிடந்தேன். கஞ்சி வேணுமா, தலையணை சரியா, வலிக்குதா என்று ஓயாமல் கேட்டேன். ஒரு நாள் எரிந்து விழுந்தாய். "ஒட்டாதடி, மூச்சு முட்டுது. தள்ளி உக்காந்து உன் வேலையப் பாரு."

அழுகை வந்தது, கோபமும் வந்தது. போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். போகாமல் சன்னலோரம் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தினேன். வெகுநேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே "இது போதும்டி" என்றாய். அன்று மாலை நீயாகக் கேட்டு ஒரு இட்லி சாப்பிட்டாய்.

கிளிசரின் சூட்டைத் தணிப்பதில்லை, நொதியின் முடிவைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். நீ போய்விட்டாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மாவைப் பார்க்கக் கோட்டுச்சேரிக்குப் போகிறேன். முதல்முறை கையைப் பிடித்து ஆறுதல் சொன்னேன். கையை உருவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இப்போதெல்லாம் அவர் கூடத்தில் முருங்கைக்கீரை உருவுவார், நான் ஓரமாக உட்கார்ந்து தாள் திருத்துவேன். போன வாரம் கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"அடுத்த வாரம் திருத்துறதுக்குத் தாளு இருக்காம்மா?"

"நெறைய இருக்கும்மா" என்றேன்.

பரீட்சையெல்லாம் முடிந்துவிட்டதடி. திருத்தி முடித்த கட்டு ஒன்றைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.