முளைத்த உமி

கும்மிடிப்பூண்டி
12.11.2008

அன்பு ஜெனிபர்,

பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா? வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். அதுவரை நீங்கள் ஆரணியில் உன் அம்மா வீட்டிலேயே இருங்கள்.

புகையைக் குறைக்க உமி எரிப்பதாகச் சொல்லித்தான் எங்கள் கம்பெனி அரசாங்கச் சான்றிதழ் வாங்கியது. பாய்லரில் நான் போடுவதோ பழைய டயர். அதுதான் மலிவாம். வாசலில் கணக்குக் காட்டக் குவித்த உமியை யாரும் தொடாததால், மழையில் அதிலிருந்த நெல் முளைத்துவிட்டது.

"இன்னாப்பா, மொளச்சிகினு கீது? செக் பண்ண ஆபீசர் வர்றாரு, புடுங்கிப் போடு" என்றார் மேனேஜர்.

பிடுங்கினேன். ஓரத்தில் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டேன். ஆபீசர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

தொட்டில் துணியை நேற்றும் துவைத்துக் கொடியில் போட்டேன். காய்வதற்குள் கறுத்துவிட்டது.

வெள்ளையடித்தாலும் பாப்பாவோடு இங்கே வராதே.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா