செருப்புக்கடையில் ஒரு நாத்தனார்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீங்களும் உங்கள் மகள், என் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் காதுக் கருவி விசில் அடிக்கிறது என்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் இறந்தபோது வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனீர்களே, அதற்குப் பிறகு இது என் ஐந்தாவது கடிதம். நான் பக்கம் பக்கமாக எழுதுவதும் நீங்கள் அட்டையில் நாலு வரி எழுதுவதும் நம் இரண்டு பேருக்கும் பழகிவிட்டது.

ஆஸ்பத்திரி வரவேற்பில் முப்பத்தொரு வருடம் “உட்காருங்க, கூப்பிடுவாங்க” என்று சொல்லியே ஓய்வு பெற்றேன். வீட்டில் ஒரு மாதம் சும்மா இருந்தேன். சுவரிடம் பேச ஆரம்பித்ததும் பயந்துபோய், அடுத்த தெருவில் இருக்கும் குடும்ப மையத்துக்குப் போய், ஏதாவது வேலை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன்.

அது முன்பு செருப்புக்கடையாக இருந்த இடம். இப்போது கஷ்டத்தில் இருக்கும் குடும்பங்களும் குழந்தைகளும் அங்கே வருகிறார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள். அம்மாக்களுக்கு மனு எழுதித் தருகிறார்கள், துணிமணி தருகிறார்கள். பழைய அலமாரிகளில் ஐந்து, ஆறு, ஏழு என்று செருப்பு அளவு ஒட்டியபடியே இருக்கிறது. அதில்தான் குழந்தைகளின் துணி. மூன்று வயதுச் சட்டை எட்டாம் நம்பரில். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. காலைப் பார்க்க வைத்திருந்த சாய்ந்த கண்ணாடிகள் தரையோடு தரையாக இன்னும் இருக்கின்றன. தவழும் பிள்ளைகள் அதற்கு முன்னால் உட்கார்ந்து தங்களையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

மையத்தை நடத்துபவரை எல்லாரும் பெரியக்கா என்கிறார்கள். என்னைவிடப் பத்து வயது சின்னவர், நானும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். முதல் நாள் ஒரு அம்மா உள்ளே வந்ததும் பழக்கத்தில் “பேர், முகவரி, என்ன பிரச்சினை” என்று ஆரம்பித்துவிட்டேன். பெரியக்கா என் தோளைத் தொட்டு, “மொதல்ல டீ குடுங்க. பிரச்சினை எங்கயும் ஓடிப்போயிடாது” என்றார். திட்டியது போலவே இல்லை. ஆனாலும் சுருக்கென்றது.

வாரத்துக்கு நாலு நாள் போகிறேன். நன்றாகப் பசிக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன்.

உங்கள்,
கிளி

*

பிப்ரவரி 23

அன்புள்ள கிளிக்கு,

அறுபது வயதில் உன்னைக் கிளி என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது, நீ வாயை மூடும் நாளில் வேறு பெயர் யோசிக்கலாம்.

போனது நல்லது. இருபத்தைந்து வருடம் சீருடைத் துணி வெட்டிய கை சொல்கிறது, கேள். வரும் துணியையெல்லாம் உள்பக்கம் திருப்பிப் பார். அக்குளிலும் கால் கவட்டிலும் தையல் விட்டிருந்தால் தனியாக எடுத்து வை. கிழிந்ததைக் கொடுப்பதும் ஒன்றுதான், வாங்கிக்கொள்பவர்களிடம் நீ இவ்வளவுதான் என்று சொல்வதும் ஒன்றுதான்.

வருகிறவர்களிடம் நிறையக் கேட்காதே. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்.

உன் மருமகள் சுகம். காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள்.

இப்படிக்கு,
அண்ணி

*

மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் சொல்படி எல்லாத் துணியையும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மூன்று மூட்டை தேறவில்லை. பெரியக்கா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

போன வாரம் எங்களுக்கு ஒரு வக்கீல் வந்து சேர்ந்தாள். வயது ஆறு. அவளுடைய அம்மாவும் கைக்குழந்தைத் தம்பியும் கூடவே. அவளுக்கு ஒரு நீலச் சட்டை எடுத்துக் கொடுத்தேன். பிடித்திருந்தது, ஆனால் போட்டுக்கொள்ளவில்லை.

“இது எனக்கேவா, திருப்பித் தரணுமா?”

“உனக்கேதான்.”

“அப்ப எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன் அண்ணி. ‘இந்த நீலச் சட்டை இதைப் போட்டிருக்கும் பெண்ணுக்கே சொந்தம், யாரும் கேட்கக் கூடாது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தேதி எங்கே என்றாள், அதையும் போட்டேன். அந்தச் சீட்டை நாலாக மடித்து அதே சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கண்ணாடி பார்க்கப் போனாள். அன்றிலிருந்து எங்கள் எல்லாருக்கும் அவள் வக்கீல்தான்.

அம்மா ரொட்டி ஆலையில் பொட்டலம் கட்டும் வேலை பார்க்கிறவள். இருபத்தாறு வயது இருக்கும். கழுத்தை மூடித் துணி சுற்றியிருந்தாள். இரண்டு டீ குடித்துவிட்டுத் தானாகவே பேச ஆரம்பித்தாள். பெரியக்கா கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்திருந்தேன்.

“மொதல்ல நாத்தனார் வீட்டுக்குத்தான் போனேன். கதவுச் சங்கிலிய எடுக்காமலே பேசினாங்க. ‘அண்ணன் கோவக்காரன்தான், ஆனா மனசு நல்லது, வீட்டுக்குப் போ’ன்னாங்க. அவங்களத் தப்புச் சொல்ல முடியாது. கூடப் பொறந்தவன் இல்லையா.”

குழந்தையைப் பெரியக்கா கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனேன். வெளியே வர வெகுநேரமாயிற்று.

மேலே எழுத வேண்டியது இருக்கிறது. இன்று முடியவில்லை.

கிளி

*

மார்ச் 17

அண்ணிக்கு,

நேற்றைய கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. இரண்டையும் ஒரே உறையில் வைக்கிறேன்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன் ஒரு மதியம் என் வீட்டுக்கு வந்தீர்கள். மணி மூன்று இருக்கும். இடுப்பில் மருமகள், ஒரு கால் செருப்பு அறுந்திருந்தது. உள்ளே வரலாமா என்றுகூடக் கேட்கவில்லை, “கிளி” என்று மட்டும் சொன்னீர்கள். நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்ணின் நாத்தனார் சொன்னதையேதான் சொன்னேன். வார்த்தைகூட மாறவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குழந்தைக்குத் தண்ணீர் கேட்டீர்கள். கொண்டுவந்து கொடுத்தேன், வெளியிலேயே நிற்க வைத்து.

இது உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாத ஒன்று இருக்கிறது. நீங்கள் தெருமுனை திரும்புவதற்குள் நான் அண்ணன் வேலை பார்த்த லாரி ஆபீசுக்குப் போன் செய்து அவரிடம், “அண்ணி பஸ் ஸ்டாண்டு பக்கம் போறாங்க” என்று சொன்னேன். குடும்பத்தைச் சேர்த்து வைப்பதாக நினைத்தேன். அன்று ராத்திரி எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. சின்னப் பெண், விவரம் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

கிளி

*

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு மாதமாக உங்கள் அட்டை வரவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததும் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். நான் குறை சொல்லவில்லை. ஆனால் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

வக்கீலும் அம்மாவும் தம்பியும் இப்போது வேறு பகுதியில், பத்திரமான இடத்தில் தங்கியிருக்கிறார்கள். எங்கே என்று எனக்கே சொல்லவில்லை, அதுதான் சரி. போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெண் மையத்துக்கு வந்தாள். பெரியக்கா வெளியே போயிருந்தார், முன்மேசையில் நான்தான். வெளியூர் போகிறவள் மாதிரி நன்றாக உடுத்தியிருந்தாள்.

“எங்க அண்ணி ரெண்டு பிள்ளைங்களோட இங்க வந்தாங்களா? நான் அவங்க நாத்தனார். அண்ணன் பாவம், சாப்பிடாம கெடக்கறார். எங்க இருக்காங்கன்னு மட்டும் சொன்னா போதும்.”

சத்தியமாகச் சொல்கிறேன் அண்ணி, கெட்டவள் முகம் இல்லை அது. அழுது வீங்கிய முகம். அன்றைக்கு என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

டீ கொடுத்தேன். “யாரு வர்றாங்க, யாரு போறாங்கன்னு நாங்க யார்கிட்டயும் சொல்றதில்லைங்க. நாளைக்கு நீங்களே இங்க வந்தாலும் சொல்ல மாட்டோம்” என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, “எனக்கும் ஒரு அண்ணி இருக்காங்க” என்று ஆரம்பித்தேன். உங்கள் பெயரும் ஊரும் சொல்லவில்லை. நான் செய்ததை மட்டும் முழுசாகச் சொன்னேன், அந்த போன் உட்பட.

அவள் குனிந்தபடியே கேட்டாள், “அப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சு?”

“எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமா நான் கேக்கவே இல்ல” என்றேன். அப்படிச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய உண்மை என்று எனக்கே உறைத்தது.

கிளம்பும்போது வாசலில் நின்று, “இங்க யாரும் வரலன்னு அண்ணன்கிட்ட சொல்லிடறேன்” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. சாயங்காலம் பெரியக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தக் குடும்பத்தைக் கவனிக்கிறவர்களுக்கு உடனே தகவல் சொல்லிவிட்டு, “நீங்க உங்க கதையச் சொன்னது சட்டத்துல இல்ல, ஆனா தப்பும் இல்ல” என்றார்.

அண்ணி, கேட்காததை இப்போது கேட்கிறேன். அப்புறம் உங்களுக்கு என்ன ஆயிற்று?

கிளி

*

மே 4

கிளிக்கு,

அட்டையில் இடம் போதாது. தாள் வாங்கி வரச் சொன்னேன்.

போன் விஷயம் எனக்கு அன்றைக்கே தெரியும். இருபது நிமிடத்தில் உன் அண்ணன் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றார். ஜோசியம் பார்த்தா வந்திருப்பார்? நான் அதற்குள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன், டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். இறங்கி அவருடன் வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வருடமும் நாலு மாதமும் இருந்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன், நீயும் கேட்காதே.

அப்புறம் சீருடைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். வெட்டும் பகுதிக்கு மேற்பார்வையாளராக இருந்த அம்மா என் கையைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் தன் வீட்டு மாடி அறைச் சாவியைக் கொடுத்தார். அவ்வளவுதான் கதை. அந்த அறையில்தான் உன் மருமகள் எழுத்துப் படித்தாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். பேனா போகவில்லை. கோபம் என்று எழுதவும் போகவில்லை. அண்ணன் செத்த வீட்டில் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எதையோ சொல்லத் தொடங்கி விழுங்கினாயே, அப்போது நினைத்துக்கொண்டேன், இவள் என்றைக்காவது சொல்வாள் என்று. இரண்டு வருடம் எடுத்துக்கொண்டாய். கிளிக்கு இது ரொம்ப அதிகம்.

அந்த இன்னொரு நாத்தனாருக்கு டீ கொடுத்தது சரி. இடத்தைச் சொல்லாதது அதைவிடச் சரி.

அங்கே தையல் மெஷின் இருக்கிறதா? ஒரு வாரம் வருகிறேன். தேறாத மூன்று மூட்டையைத் தேற்றித் தருகிறேன். மையத்துக்குப் பக்கத்தில் தங்க ஒரு அறை பார். உன் வீடு வேண்டாம்.

அண்ணி

*

மே 11

அன்புள்ள அண்ணிக்கு,

மெஷின் இருக்கிறது, ஓடாது. நீங்கள் வருவதற்குள் ஓட வைக்கிறேன். அறையும் பார்த்தாயிற்று, மாடியில், காற்றோட்டமாக இருக்கிறது. பெரியக்காவின் தோழி வீடு. அறை ஜூன் இரண்டாம் தேதி காலியாகிறது. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு நான் வரலாமா, அல்லது நீங்களே வந்துவிடுவீர்களா? எப்படிச் சொன்னாலும் சரி.

கிளி

*

ஜூன் 15

அன்புள்ள கிளிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஒரு வாரம் என்று வந்து பத்து நாள் இருந்துவிட்டேன். இங்கே செடி இரண்டு காய்ந்துவிட்டது, அதற்கு நீதான் பொறுப்பு.

அந்த மெஷினை எண்ணெய் போடாமல் ஓட்டாதே. நான் தைத்த பதினேழு சட்டையையும் அளவு எழுதித் தனியே வைத்திருக்கிறேன், பெரியக்காவிடம் காட்டு. ரொட்டி ஆலைப் பெண் இனி காலை நேர வேலைக்குத்தான் போவாள் என்று கேள்விப்பட்டது நிம்மதி. அவளுடைய குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்ததா என்று எழுது. பெரியக்காவோடு ஒரு நாள் மையத்துக்கு வந்த வக்கீல், நான் வைத்த பொத்தானைப் பார்த்துவிட்டு, ஒன்று கொஞ்சம் கீழே இருக்கிறது என்றாளே. அது உண்மைதான். கண் முன்போல் இல்லை.

மூன்றாம் நாள் அந்த மாடி அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு உன் வீட்டுக்கு வந்தேன். அறை புழுக்கமாக இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன். புழுக்கமெல்லாம் இல்லை.

நீ குறட்டை விடுகிறாய். காதுக் கருவியைக் கழற்றி வைத்த பிறகும் கேட்கிறது. டாக்டரிடம் காட்டு.

மீதி இடத்தில் உன் மருமகள் ஏதோ எழுத வேண்டுமாம்.

அன்புடன்,
அண்ணி

அத்தை,

இந்த வார்த்தையை இதுவரை யாருக்கும் எழுதியதில்லை, அதனால் எழுத்து கொஞ்சம் கோணலாக வருகிறது. அம்மா ஊரிலிருந்து வந்ததிலிருந்து உங்களைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறார். கறை போகாமல் பாத்திரம் தேய்க்கிறீர்களாம், கதவை உதைத்துச் சாத்துகிறீர்களாம், பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லையாம். இத்தனை வருடத்தில் உங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்