டி டிரைவில் உங்கள் குரல்

ஏனுங்க,

இப்படிக் கூப்பிட்டால்தானே திரும்பிப் பார்ப்பீர்கள். சூலூர் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். தொண்ணூற்றாறில் நீங்கள் வாங்கி வந்த கம்ப்யூட்டருக்குத்தான் சீக்கு, நினைத்த நேரத்தில் நின்றுபோகிறது.

தறிப் பட்டறைக்குப் போகுமுன் தினமும் அதன் மைக்கில் என்னவோ முணுமுணுப்பீர்கள். கேட்டால் "வேலை அம்மணி" என்பீர்கள். நீங்கள் போய் மூன்று மாதம் கழித்துத்தான் அந்த வேலையைத் திறந்து கேட்டேன். கிணற்றில் எத்தனை அடி தண்ணீர், மழை உண்டா, நான் வைத்த கொள்ளுப் பருப்பில் உப்பு தூக்கல். அட கடவுளே, இதையெல்லாம் யார் கேட்பதற்காகச் சொல்லி வைத்தீர்கள்?

போன வாரம் காந்திபுரத்துக் கடையிலிருந்து தங்கராசு என்ற மெக்கானிக் வந்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், முக்கியமானதை மட்டும் பிளாப்பியில் எடுத்துக்கொள்ளலாம் என்றார். எந்த போல்டர் என்று கேட்டார். உங்கள் குரல் இருப்பது உங்கள் பெயரிட்ட போல்டரில். கட்டினவர் பெயரை நான் எப்படிச் சொல்ல? சுவரில் மாலை போட்டிருந்த உங்கள் படத்தைக் கைகாட்டினேன். அவரும் தலையாட்டிவிட்டு, 'போட்டோ' என்றிருந்த போல்டரை எடுத்துக்கொண்டார்.

"எடுத்துட்டனுங்க்கா. இனி அழிச்சுப்போடலாமுங்களா?"

"அவரு பேச்சும் வந்துருச்சுங்களா?"

"என்ன பேச்சுங்க?"

உங்கள் பெயரைச் சொன்னேன். சத்தமாக, இனிஷியலோடு. அடுக்களையில் இருந்த நம் மகள் கரண்டியோடு ஓடிவந்து என்னையே பார்த்தாள்.

தங்கராசு அந்த போல்டரைத் திறந்து பார்த்தார். பிளாப்பியில் அடங்காது, ஆனால் டிஸ்கையே இரண்டாகப் பிரிக்கலாம் என்றார். இருக்கும் சி டிரைவைச் சுருக்கி, மிஞ்சும் இடத்தில் டி என்று ஒன்று. உங்கள் பேச்சு அங்கே போய்விட்டால் சி-யை எத்தனை முறை அழித்தாலும் அதற்கு ஆபத்தில்லை. பாதியில் கரண்ட் போனால் மட்டும் மொத்தமும் போய்விடுமாம். நம்ம ஊர்க் கரண்டை நம்பியா? மறுநாள் பேட்டரியோடு வரச் சொன்னேன்.

சாமான் உள்ளே இருக்கும்போதே சி-க்கும் டி-க்கும் நடுச்சுவரை எப்படி நகர்த்துவார்கள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். வெள்ளையடிக்கும் முன் சாமானை ஒரு மூலைக்கு ஒதுக்குவோமே, அதே மாதிரிதான். திரையில் குட்டிக் குட்டிக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின. இதில் எந்தக் கட்டம் மழை, எந்தக் கட்டம் கொள்ளுப் பருப்பு?

சுவர் நகர்ந்து முடியும்வரை மகளை மிக்ஸி போட விடவில்லை. நல்லவேளை, கரண்ட் போகவில்லை. பிறகு தங்கராசு உங்கள் பேச்சை டி-க்கு மாற்றி, ஒன்றைத் தட்டினார். "உப்பு தூக்கல்" என்றீர்கள். அழுதுவிட்டேன். கோபமும் வந்தது, அன்றைக்கு உப்பு சரியாகத்தான் இருந்தது.

டி-க்கு ஒரு பெயர் வைக்கணும், இங்கிலீஷில் பதினோரு எழுத்துக்குள் என்றார். உங்கள் பெயர் பத்து. நானே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன்.

இனி பட்டறை திறக்குமுன் தினமும் அந்த மைக்கில் நான் பேசுவேன்: கிணற்றுத் தண்ணீர், மழை, உப்பு. யாராவது உங்கள் பெயரைக் கேட்டால் படத்தைக் கைகாட்ட மாட்டேன், வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீங்க.

உப்பைக் குறைக்காத,
உங்கள் வீட்டுக்காரி