துரை வாயில் வந்த சொல்

செனாய், 4-2-1931

மாமாவுக்கு வீரமுத்து கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். சம்பளத்தை ஏன் குறைச்சீங்கன்னு துரையைக் கேட்டுட்டு ஓடிவந்த நாளிலிருந்து உங்க மக ராசம்மா நினைப்புதான். பிள்ளைத்தாச்சியை விட்டுட்டு வந்துட்டேன். துரை மன்னிச்சிட்டார், திரும்பி வரலாம்னு கங்காணி ஆள் விட்டிருக்கார். துரை சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்னு பரிமாறுறவர் நீங்க. வரட்டுமா?

உங்கள்
வீரமுத்து

சிம்பாங் ரெங்கம், 9-2-1931

அடே மாப்ளே,

அய்யாவு சொல்ல, மளிகைக்கடை ரபேல் எழுதுறது. துரை ஆபீஸில் கணக்கெழுதுற தோட்டத்துக் கிராணிகிட்டே போகலை.

வராதே. நேத்துச் சாப்பிடும்போது துரை துரைசாணிகிட்டே உன் பேரைச் சொன்னார். கூடவே அவங்க நார்வே பாஷையில் ‘ஓவ்ரிஹேட்’னார். முன்னே ஒருதரம் துரைசாணிகிட்டே அதுக்கு அர்த்தம் கேட்டிருக்கேன். மேலே கையைக் காட்டி மலாயில் ‘யாங் டி அத்தாஸ்’னாங்க. நமக்கு மேலே உட்கார்ந்து ஆளுறவங்களாம். அவங்களுக்குப் பணியணும்னு அந்த ஊர் வேதக்கோயிலில் படிப்பாங்களாம்.

அர்த்தம் அவ்வளவுதான். துரை அதைப் புழங்குற விதம் வேற. தன் கையால் அடிக்கும்போது அவர் அதைச் சொல்றதில்லை. அடுத்தவன் அடிக்க வரும்போது, நான் தடுக்க மாட்டேங்கிறதுக்குத்தான் அந்தச் சொல். சொல்லிட்டுப் பெட்டி கட்டச் சொல்வார், சிங்கப்பூருக்கு. அரிசிப் பஞ்சத்தில் காளியப்பன் பங்களா வாசலில் வந்து நின்னான். அன்னைக்குச் சொன்னார். துரை இல்லாத நேரம் போலீஸ் வந்தது. காளியப்பன் சட்டை மட்டும் ஆத்தோரம் கிடந்தது. அங்கம்மாவை லயத்து வீட்டிலிருந்து இழுத்து வெளியே போட்டப்பவும் துரை சிங்கப்பூரில்தான்.

இந்தக் கடுதாசியை ராசம்மாவே கொண்டுவர்றா. யாரும் கேட்டா, காய்ச்சல்ல உள்ளே படுத்திருக்கான்னு சொல்லிக்குவேன். கருவாடு இல்லாம உனக்குச் சோறு இறங்காதே, அதையும் மூட்டையில் வச்சிருக்கா.

பெட்டி இன்னும் கட்டலை.

அய்யாவு
(கைநாட்டு)

தோட்டம், 15-2-1931

அன்பிற்குரிய மருமகன் வீரமுத்துவுக்கு அய்யாவு எழுதிக்கொண்டது. இறைவன் அருளால் நலம். துரையவர்கள் உம்மை மன்னித்துவிட்டார்கள். அவர்கள் சிங்கப்பூர் போயிருப்பதால் நீர் அஞ்ச வேண்டியதும் இல்லை. ராசம்மா காய்ச்சலில் உம் பெயரையே சொல்லிப் புலம்புகிறாள். வரும் சனிக்கிழமை தவறாமல் வரவும்.

அய்யாவு
(கைநாட்டு)
எழுதியவர்: தோட்டத்துக் கிராணி

செனாய், 18-2-1931

மாமாவுக்கு, ரபேல் அண்ணன் கடை விலாசத்தில் எழுதுறேன்.

‘மருமகன்’னு ஒரு கடுதாசி வந்தது. நீங்க என்னைக்கு என்னை அப்படிக் கூப்பிட்டீங்க? காய்ச்சலில் புலம்புறவ இங்கே அடுப்பு ஊதிக்கிட்டிருந்தா. படிச்சுக் காட்டினேன். ஊதுகுழலைக் கீழே வச்சிட்டா.

நான் வரலை. இந்த இடத்தையும் விட்டுப் போறோம். எங்கேன்னு எழுதலை.

கைநாட்டை ராசம்மா ரொம்ப நேரம் பார்த்தா. கட்டைவிரல் தழும்பு தெரியுது, அப்பாவோடதுதான்னா. ஆனா நீங்க எப்பவும் நேரா அழுத்தி வைப்பீங்களாம். இது பக்கவாட்டில் இழுபட்டிருக்கு. வைக்கும்போது உங்க கையை யார் பிடிச்சிருந்தாங்க மாமா?

ரபேல் அண்ணே, மாமா கடைக்கு வந்தா இதைப் படிச்சுக் காட்டுங்க. வரலைன்னா, தேடிக்கிட்டுத் தோட்டத்துக்குள்ளே போகாதீங்க. துரை திரும்பி வர்ற வரைக்கும் போகாதீங்க.

வீரமுத்து