மார்க்கை மறைத்த வாரம்

ஜூலை 7, திங்கள்

கச்சான் காற்று. காலையிலிருந்து வாயெல்லாம் மண். கொடியில் போட்ட சேலையை ஊர் தாண்டி மாப்பிள்ளையூரணியில் போய்த்தான் பொறுக்க வேண்டும் போல.

ஜெனி மூன்றாவது ஆபீஸிலிருந்தும் திரும்பி வந்துவிட்டாள். கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீஸ். உள்ளே இருந்தவன் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னானாம்: "இவ்வளவு மார்க் வச்சிருக்க பிள்ளை எங்ககிட்ட நிக்காதும்மா. போன வருசம் ஒருத்தி இப்படித்தான் வந்தா. வேலையைப் படிச்சிட்டு பேங்குக்கு ஓடிட்டா."

முதல் இரண்டு இடத்திலும் இதே பேச்சுதான். பி.காம்.மில் கல்லூரியிலேயே முதல் மார்க் என் பேத்தி. குறைந்த மார்க் என்றால் வேண்டாம் என்பான், தெரியும். கூடின மார்க்கையும் வேண்டாம் என்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த சென்னைக் கம்பெனி இவளைத்தான் முதலில் கூப்பிட்டது. போக முடியவில்லை. அவள் அம்மை உயிரோடு இருந்தால் இவள் போயிருப்பாள். என் மகன் லூர்து, தோணியில் மூட்டை சரிந்து கால் முறிந்து கட்டிலில். அவனைத் தூக்கி உட்கார வைக்க என் இடுப்பு ஆகாது. சம்பளமும் இனி இவள்தான் கொண்டுவர வேண்டும்.

சாயங்காலம் சாமியாருக்குக் கூடமாட வேலை பார்க்கிற கோயில்பிள்ளையிடம் ஜெனி பேரைக் கொடுத்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும், இந்த வருடம் டிகிரி முடித்த பிள்ளைகளில் கூடுதல் மார்க் எடுத்தவளுக்குச் சாமியார் சால்வை போடுவார். மார்க் ஷீட் நகல் வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும். தெருவில் ஒருவருக்கும் மார்க்கைச் சொல்லவில்லை. மைக்கில் கேட்டு எதிர்வீட்டுப் பிலோமியின் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும். என் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே "பொண்ணு கைநாட்டுதானே" என்றவள். நான் ஐந்து வரை படித்தவள். அன்றைக்குக் கறி இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். இனி பி. என்றே எழுதுவேன். முழுப் பேருக்கு மை தண்டம்.

ஜூலை 9, புதன்

தண்ணீர் வரவில்லை. பிரஷர் மாத்திரை தீர்ந்தது.

ஜெனிக்கு வேலை கிடைத்துவிட்டது. நாளை முதல். சேவியர் அண்ணாச்சி ஆபீஸ். சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், கிடைத்த விதத்தைச் சொன்னாள்.

"மார்க் எவ்வளவும்மான்னு கேட்டாரு. ஏதோ பாஸ் பண்ணிட்டேன் சார்ன்னேன்."

"ஏளா, பொய்யா?"

"பாஸ்தானே ஆச்சி பண்ணிருக்கேன்."

மார்க் ஷீட் இன்னும் கைக்கு வரவில்லை என்றும் ஒரு பொய். சேவியருக்கு முகம் மலர்ந்துவிட்டதாம். "அப்ப நம்ம ஆபீஸுக்கு ஏத்த பிள்ளை" என்றாராம். வேலையைப் பழகிக் காட்டிவிட்டால் பிறகு தெரிந்தாலும் விடமாட்டார் என்கிறாள். ஆனால் இப்போது தெரியக் கூடாது. அந்த ஆள் ஞாயிறு பூசைக்கு முன்வரிசை.

"கோயில்ல குடுத்த பேரை எடுத்துருங்க ஆச்சி. அவரு காதுல விழுந்தா திங்கக்கிழமை வரவேண்டாம்னுருவாரு."

"எடுக்க மாட்டேன். மார்க்கைக் களவாண்டா வாங்குன?"

"அப்ப அப்பாவுக்கு மருந்து நீங்க வாங்குங்க."

வாய் நீளம். யாரைக் கொண்டு பிறந்தாளோ. பேரை எடுப்பதை அப்பாவிடம் மட்டும் சொல்லக் கூடாதாம். லூர்து இந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் காத்துக் கிடக்கிறான். தோணியிலேயே கிடந்து படிக்க வைத்தவன்.

ஜூலை 11, வெள்ளி

காற்று அதே. சாளை மீன் வாங்கினேன், பாதிக்குக் கண் சிவப்பு. அந்தக் கடையில் இனி வாங்குவதில்லை.

பேரை எடுத்துவிட்டேன்.

கோயில்பிள்ளை: "ஏன் ஆச்சி, அரியரா?"

"ஒன்னுமில்ல. எடுத்துரு."

"இருந்தா சொல்லுங்க. நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்ல மாட்டானாம். சாயங்காலம் பி. ஒரு சீப்புப் பழத்தோடு வந்து நிற்கிறாள். என் வாசலை மிதிக்காதவள்.

"மனசை விட்டுராதீங்க மதினி. அரியர்னா திருப்பி எழுதிக்கலாம். எங்க ஷெரின் மட்டும் என்ன பெரிய படிப்பா? அறுபத்தெட்டுதான். இப்ப அவளுக்குத்தான் சால்வைன்னு சொல்லுதாங்க. நான் என்ன செய்ய?"

ஷெரின் அவள் பேத்தி. துபாய் மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று. அந்த மார்க்குக்கு இனி ஒரு வேலையும் இல்லை, கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் பி.காம். என்று போடுவதைத் தவிர.

என் பேத்தி எண்பத்தொன்பது. நாக்கு நுனி வரை வந்து நின்றது. சொன்னால் இருட்டுவதற்குள் சேவியர் வீட்டு வாசலுக்குப் போய்விடும். "பழம் நல்லா கனிஞ்சிருக்கு" என்றேன். அவள் தலை மறைந்ததும் அத்தனையையும் ஆட்டுக்குப் போட்டேன்.

ஜெனி ஆபீஸ் விட்டு வந்து, நடந்ததைக் கேட்டுச் சிரித்தாள். அரியர் எழுதிப் பாஸ் பண்ணினவள் என்று சேவியர் நினைத்தால் நல்லதுதானாம், வேலை கெட்டியாகுமாம். சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போனாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

ஜூலை 13, ஞாயிறு

தூண் பக்கம்தான் இடம் கிடைத்தது. முழங்கால் வலி.

ஷெரினுக்குச் சால்வை. சாமியார் மைக்கில் "நம் பங்கின் முதல் மாணவி" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ஜெனியும் தட்டினாள், பலமாக. நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் சேவியர் ஜெனியைக் கூப்பிட்டார். சுற்றிலும் ஆட்கள்.

"பாத்தியாம்மா? படிச்சா அந்தப் பிள்ளை மாதிரி படிக்கணும்."

"ஆமா சார்."

பி. பக்கத்தில்தான் நின்றாள். கடைவாய்ப் பல் வரை தெரிந்தது. சம்பளம் தருகிற மனிதர், அதனால் அண்ணாச்சி என்று வாயால் சொல்வேன். இன்றைக்கு அவர் சொன்னதை மறக்க மாட்டேன்.

வீட்டில் லூர்து சட்டை போட்டு, தலை சீவி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஆள் உதவியில்லாமல் எப்படி எழுந்தான் என்று தெரியவில்லை.

"பேரு வாசிச்சாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெனி முந்திக்கொண்டாள். "வாசிச்சாங்கப்பா. எல்லாரும் கை தட்டுனாங்க."

அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. கையை நீட்டினான்.

"எங்க சால்வை? போத்திக் காட்டு."