வேதவசனம் அச்சடித்த தாள்

கொட்டாஞ்சேனை,
09.03.1998

அன்புள்ள ஒஸ்வால்ட் அண்ணா,

உங்களுக்கும் மேபல் அண்ணிக்கும் யேசுவின் சமாதானம் நிறையட்டும் என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். இங்கே எனக்குச் சமாதானம் மருந்துக்கும் இல்லை. மருதானைக் குண்டுக்குப் பிறகு பொலிஸார் வீதி வீதியாகச் சுற்றிவளைக்கிறார்கள். சனிக்கிழமை விடியற்காலையில் என் கிளெமென்றைக் கொண்டுபோய்விட்டார்கள். செய்த குற்றம் என்ன தெரியுமா? அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார் என்று இருக்கிறதாம்! கொச்சிக்கடைப் பண்டசாலையில் பெட்டி எண்ணுகிறவன், இங்கே வந்த இந்த ஆறு வருடத்தில் நீர்கொழும்பைத் தாண்டி ஓரிடமும் போனதில்லை. அதைச் சொல்லப் போனேன். என் மகனின் வயதுகூட இராத ஒருவன் சிங்களத்தில் "வாயை மூடு" என்கிறான். தகப்பன் இல்லாத பிள்ளை என்றால் கேட்க ஆளில்லை என்ற நினைப்பு.

ஒவ்வொரு கிழமையும் ஞாயிறு வாசகம் நம் வீட்டில் எங்கே தட்டியது என்று எழுதிக்கொள்வது நம் வழக்கமாயிற்றே. நேற்று தாபோர் மலையில் ஆண்டவர் ஒளிமயமான வாசகம். "ஆண்டவரே, நாம் இங்கே இருப்பது நல்லது" என்றாராம் அதைக் கண்ட சீஷர் இராயப்பர். பொலிஸ் வாசலில் ஐந்து மணித்தியாலம் நின்றிருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரோ தெரியாது.

22ஆம் திகதி, சொத்தை அழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பி வந்த ஊதாரி மகன் வாசகம் வரும். அந்தத் தகப்பன் மாதிரித்தான் நானும் வாசலைப் பார்த்தபடி நிற்கிறேன், அண்ணா. மன்றாடுங்கள்.

உங்கள் தங்கச்சி,
ஐறீன்


ஸ்காபரோ,
23.03.1998

என் பாசத்துக்குரிய ஐறீன்,

உன் கடிதத்தை வாசித்து நானும் மேபலும் அழுதுவிட்டோம். தைரியமாயிரு. ஆண்டவர் ஒரு கதவை அடைத்தால் மறு கதவைத் திறப்பார்.

இங்கே தமிழ்ப் பூசையில் அச்சடித்துக் கொடுக்க நான் எழுதுகிற 'ஞாயிறு சிந்தனை' தெரியும்தானே. நேற்றைய தாளில் நீ வாசலில் நிற்பதை எழுதினேன். பூசை முடிய எத்தனை பேர் வந்து என் கையைப் பிடித்தார்கள்! பாதர்கூட, "ஒஸ்வால்ட், இண்டைக்கு என்ர பிரசங்கமே தேவையில்லாமப் போச்சு" என்றார். உன் கண்ணீர் வீண்போகவில்லை, தங்கச்சி. ஒரு தாள் இதனுடன் வைத்திருக்கிறேன். கிளெமென்ற் வெளியே வந்ததும் அவனுக்கும் காட்டு.

உன் அன்பு அண்ணன்,
ஒஸ்வால்ட்


கொட்டாஞ்சேனை,
20.04.1998

அண்ணா,

சமாதானம், சந்தோஷம் ஒன்றும் இந்தக் கடிதத்தில் இல்லை.

உங்கள் தாள் 3ஆம் திகதி வந்தது. நீங்கள் எழுதியதை நீங்களே ஒருமுறை வாசியுங்கள்: "தீய சகவாசத்தால் வழிதவறிய என் மருமகன் கிளெமென்ற் இன்று கொழும்பில் சிறையில் கிடக்கிறான். அவன் மனந்திரும்பி வரும் நாளுக்காக என் தங்கை வாசலில் காத்து நிற்கிறாள்."

யார் வழிதவறியது? எந்தச் சகவாசம்? பண்டசாலையில் அவனோடு சாப்பாட்டுப் பார்சல் பிரிக்கிற ஷரீப் தீய சகவாசமா? நான் என்னைத்தான் அந்தத் தகப்பனுக்கு ஒப்பிட்டேன். உங்களுக்கு உவமை பொருந்த வேண்டும், அதற்காக என் பிள்ளையை ஊதாரியாக்கினீர்கள். தகப்பன் இருந்தால் ஊதாரியும் இருக்கத்தானே வேண்டும்!

அன்றைக்கே கிழித்தெறிந்திருக்க வேண்டும். வேதவசனம் அச்சடித்த தாளைக் கிழிக்கக் கூடாது என்று நம் இருவருக்கும் அம்மா அடித்துப் பழக்கியது, கை வரவில்லை. பூசைப் புத்தகத்துக்குள் வைத்தேன். அது என் மடைத்தனம். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய செவ்வாயன்று பொலிஸார் வீட்டைச் சோதிக்க வந்தார்கள். தமிழ் தெரிந்த ஒருவன் அதை எடுத்து முழுக்க வாசித்தான்.

"உங்கட சொந்த அண்ணன்தானே அம்மா எழுதியிருக்கிறார்? பிறகு ஏன் எங்களோட சண்டை பிடிக்கிறீங்கள்?"

தாள் இப்போது வழக்குக் கோப்பில் இருக்கிறது. லோயர் முத்துலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். "வேற ஒரு சாட்சியும் இல்லாம இருந்த வழக்கு, மிஸிஸ் ஐறீன். இப்ப தாய்மாமனே சாட்சி" என்றார்.

ஒரே ஒரு வழிதானாம். அங்கே ஒரு நொத்தாரிசு லோயர் முன்னால் நீங்கள் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். மருமகனைப் பற்றி எழுதியது நான் கண்டதும் அல்ல, கேட்டதும் அல்ல, என் கற்பனை என்று. மே 27 வழக்கு. அதற்கு முன் அது இங்கே வந்து சேர வேண்டும். கண்ணீர் வேண்டாம், சிந்தனை வேண்டாம். அந்த ஒரு தாளை அனுப்புங்கள்.

ஐறீன்


ஸ்காபரோ,
08.05.1998

அன்புத் தங்கச்சி,

உன் கடிதம் கண்டதிலிருந்து எனக்கு நித்திரையில்லை. கெட்ட எண்ணத்தோடு எழுதினேனா? நீயே சொல்.

சத்தியக்கடதாசி பற்றி இங்கே ஒருவரிடம் விசாரித்தேன். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. இப்படியான வழக்கொன்றில் என் பெயர் ஏறினால் என்னாகும் என்று மேபல் பயப்படுகிறாள். அதோடு, சிந்தனையில் பொய் எழுதினேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு அடுத்த ஞாயிறு எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்? கிளெமென்றுக்காக நவநாள் செபம் ஒன்று தொடங்கியிருக்கிறோம். இந்த ஞாயிறு வாசகம் "ஒருவரையொருவர் அன்பு செய்யுங்கள்" என்பது. நமக்காகவே வருகிற மாதிரி இருக்கிறது, பார். என்னை மன்னித்துக்கொள்.

உன் அண்ணன்,
ஒஸ்வால்ட்


கொட்டாஞ்சேனை,
01.06.1998

ஒஸ்வால்ட் அண்ணாவுக்கு,

மே 27 வந்து போய்விட்டது. இன்னும் மூன்று மாதம் உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார்கள். உங்கள் தாளை மொழிபெயர்த்துச் சத்தமாக வாசித்தார்கள். என் பிள்ளை அதைக் கூண்டில் நின்று கேட்டான். பஸ்ஸில் ஏற்றும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "மாமா ஏனம்மா அப்பிடி எழுதினவர்?" உங்களுக்குக் கோயிலில் முகம் வேண்டியிருந்தது என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று பெந்தகோஸ்து. சுவிசேஷத்தில் உயிர்த்த ஆண்டவர் சீஷர்களிடம் இரண்டு விஷயம் சொல்கிறார். நீங்கள் மன்னிக்கிற பாவம் மன்னிக்கப்படும் என்பது முதலாவது. பாதர் அதை வைத்து அரை மணித்தியாலம் பிரசங்கித்தார். நீங்களும் அதைத்தான் எழுதியிருப்பீர்கள். இரண்டாவதை ஒருவரும் தொடுவதில்லை. நீங்கள் மன்னியாமல் வைக்கிற பாவம் அப்படியே இருக்கும் என்பது அது. அதைச் சொன்னதும் அதே ஆண்டவர்தான், அதே மூச்சில்.

நான் வைத்திருக்கிறேன், அண்ணா.

இந்தக் கிழமை வாசகத்துக்கு என் சிந்தனை இவ்வளவுதான். இனி எழுத மாட்டேன். விருப்பமென்றால் இதையும் உங்கள் தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள்.

கிளெமென்றின் தாய்,
ஐறீன்