அலமாரிச் சாவியைக் கொடுத்த பிறகு

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் முழங்கால் வலிகூட இல்லாத சுகத்தோடு இருக்க வேண்டும். போன ஞாயிறு பேசும்போது ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், ஜலதோஷம் என்றேன். பொய். போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் எனக்குப் பத்து நாள் காய்ச்சல் வந்தது ஞாபகம் இருக்கும். குடும்பநல மையத்து மருந்து அலமாரிச் சாவி அப்போது என் தலையணைக்கு அடியில் இருந்தது. பதினெட்டு வருஷமாக அதை யார் கையிலும் கொடுத்ததில்லை, ஊசியும் நான்தான், மாத்திரையும் நான்தான், யாருக்கு எந்தத் தேதி என்பதும் என் மண்டைக்குள்தான். அதில் எனக்குக் கர்வம் வேறு. உனக்குப் பள்ளிச் சீருடை தைத்த தையல்காரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை ஊசிக்கு வருவாள். அந்தப் பத்து நாளில் இரண்டு தடவை வந்து, பூட்டிய அலமாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அப்புறம் அலைய முடியாமல் விட்டுவிட்டாள், ஐந்தாவது பிள்ளை உண்டாகிவிட்டது. என்னைத் திட்டியிருந்தால் தேவலை. சாவிய யாருகிட்டயாவது குடுத்துட்டுப் படுத்திருக்கலாமேக்கா என்று மட்டும் கேட்டாள். பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிற்காமல் போன அன்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. பிழைத்துவிட்டாள், பிள்ளையும் நன்றாக இருக்கிறது.

அதற்குள், மையத்துக்கு வேனில் மருந்து கொண்டுவந்த வெளிநாட்டு அமைப்பு இந்த வருஷத்தோடு கிளம்புவதாகத் தகவல் வந்தது. அடுத்த வருஷம் எனக்கும் ஓய்வு. அவர்கள் வேனும் போய் நானும் போனால் மையத்தை இழுத்து மூடிவிடுவார்கள் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சாவியைச் சின்ன நர்ஸிடம் கொடுத்தேன், அன்று முழுக்க என் கை சாவி செருகியிருந்த இடுப்பையே தடவிக்கொண்டிருந்தது. தேதிகளையெல்லாம் நோட்டில் இறக்கினேன். அரசாங்கக் கிடங்குக்கு இரண்டு மாதம் முன்பே எழுதி மருந்து வாங்க அவளைப் பழக்கினேன். முதல் தடவை மகராசி விண்ணப்பத்தில் கட்டம் மாற்றி நிரப்பி, ஊசி வரவேண்டிய இடத்தில் மூட்டை மூட்டையாகப் பஞ்சு வந்து இறங்கியது. சிரிக்காதே, அந்தப் பஞ்சைத் திணித்துத் தையல்காரி சின்னச் சின்னத் தலையணை தைத்தாள். தாங்களே போட்டுக்கொள்ளும் ஊசி இப்போது வருகிறது, பெண்கள் அந்தத் தலையணையில் குத்திக் குத்திப் பழகினார்கள். இப்போது அவள் கடையிலேயே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

நீ கூப்பிட்ட ஞாயிறுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஊசி நாள். எட்டு மணிக்கே போய் உட்கார்ந்தேன். உட்கார இடமில்லாமல் சண்டை நடக்கும் பெஞ்சு காலி. மதியம் ஒருத்தி வந்தாள், மருந்தை வாங்கிக்கொண்டு நானே போட்டுக்கிறேங்க்கா என்று போய்விட்டாள். நான் நினைத்தது நடந்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் வீட்டுக்கு வந்து விளக்குப் போடக்கூட மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா இருந்தால் கிண்டலாவது செய்திருப்பார்.

பேத்தி பிறந்த புதிதில் நாளைக்கு நாலு தடவை கூப்பிட்டு, குளிக்க வைப்பது எப்படி, விக்கல் வந்தால் என்ன என்று கேட்பாய். இப்போது எல்லாம் எனக்கே தெரியும்மா என்கிறாய். உன்னையும் நன்றாகத்தான் பழக்கியிருக்கிறேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழுங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொள். மறக்காமல் ஒன்று செய், தெரிந்த விஷயமாகவே இருக்கட்டும், கூப்பிட்டு என்னிடம் கேள். முதல் தடவை சொல்வது போலவே சொல்கிறேன்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா